வாசல் கதவில் மாப்பிள்ளை

சரவணம்பட்டி
11.06.2024

அன்புள்ள தங்கை கருப்பாத்தாளுக்கு,

அண்ணன் நஞ்சுண்டன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி, உன் நங்கையா நாச்சியம்மாளும் சுகம். உன் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது? மேட்டுப்பாளையத்தில் மழை உண்டா?

போன் இருக்கும்போது இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பாய். இந்த மறதி நோய் வந்த பிறகு நாச்சி என்னை விட்டு ஐந்தடி தள்ளி இருப்பதில்லை. அவளைப் பற்றி அவள் எதிரிலேயே எப்படிப் பேசுவது? ஒருமுறை டொரண்டோவில் இருக்கும் மகன் சுரேந்தரிடம், "அம்மாளுக்கு முன்ன மாதிரி இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "பைத்தியத்துக்குச் சோறு எதுக்குங்க?" என்றாள். அதிலிருந்து போனில் யார் கேட்டாலும் 'நல்லா இருக்கறோம்' என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இதை அவள் தூங்கும்போது எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த இந்த ஃபிளாட் ஒன்பதாவது மாடி. வாசல் கதவுக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அங்குல இடைவெளி. அதற்குள் காற்று புகுந்து ஊளையிடுகிறது. புழுதி வருவதைப் பற்றிக் கவலையில்லை, கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சத்தம் நாச்சிக்கு யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கிறது. வெளியே யாராவது நடந்தால் கால் நிழல் உள்ளே விழுகிறது. உடனே "வாரேனுங்க, வாரேனுங்க" என்று ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். போன மாதம் படியிலேயே ஐந்தாவது மாடி வரை இறங்கிவிட்டாள். ரப்பர் பட்டை ஒட்டிப் பார்த்தேன். நகத்தால் பிய்த்துப் போட்டுவிட்டாள்.

நீ கோத்தகிரிப் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தபோது, ஜன்னல் ஓரம் குளிர் வராமல் கம்பளியில் நீளமாகப் பின்னிப் பஞ்சு அடைத்து வைப்பாயே, அதுபோல ஒன்று எனக்கு வேண்டும். நீ பின்னித் தர வேண்டாம். எப்படிப் பின்னுவது என்று எழுது. எனக்கும் பகலில் ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
நஞ்சுண்டன்


மேட்டுப்பாளையம்
17.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கருப்பாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்கால் எப்போதும்போல் என்னைத் திட்டிக்கொண்டே நடக்கிறது. நங்கையாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

முப்பது வருடம் திருப்பூரில் பனியன் மெஷின் மெக்கானிக்காக இருந்துவிட்டு இரண்டு ஊசிப் பின்னலுக்குத் தங்கையிடம் வருகிறீர்கள். கடிதத்தைப் படித்து வெகுநேரம் சிரித்தேன்.

கடிதத்தில் எழுதினால் உங்களுக்குப் புரியாது. அதனால் நானே ஊசியில் முப்பது கண்ணி ஏற்றி, நான்கு அங்குலம் பின்னி, ஊசியோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். போகும்போது நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துக் குத்துங்கள், திரும்பும்போது முன்னால். அவ்வளவுதான். பச்சை, மஞ்சள், கத்திரிப்பூ நிறத்தில் மிச்சக் கம்பளி நூல் உருண்டைகளும் வைத்திருக்கிறேன். கதவு அகலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் கூடுதலாகப் பின்னி, நீளவாக்கில் மடித்துத் தைத்து, பனியன் வேஸ்ட் துணியை அடையுங்கள். அடியில் ஒரு துணிப்பையில் புளியங்கொட்டை போட்டுத் தைத்தால் காற்றுக்கு நகராது.

சும்மா உருளையாக விடாதீர்கள். கண், காது, கால் ஏதாவது வையுங்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு நான் பாம்பு, முதலை, பூரான் எல்லாம் செய்திருக்கிறேன். பாம்பு மட்டும் வேண்டாம், நங்கையா பயந்துகொள்வார்.

சமையலுக்கு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாரே, இன்னும் வருகிறாரா? அதை எழுதவே இல்லையே.

பிரியமுள்ள,
கருப்பாத்தாள்


சரவணம்பட்டி
08.07.2024

அன்புள்ள அம்மணிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்தது.

ஆயிரத்தெண்ணூறு ஊசி ஓடும் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டியவன் நான். இந்த இரண்டு ஊசி என்னை அழவைத்துவிட்டது. முப்பது கண்ணியில் ஆரம்பித்தது நடுவில் முப்பத்தாறாகி, பிறகு இருபத்தெட்டாகிவிட்டது. அதனால் அந்தப் பிராணிக்கு நடுவில் தொந்தியும் பின்னால் ஒடிசலான வாலும் தானாக வந்துவிட்டன. நீளம் நாற்பத்திரண்டு அங்குலக் கதவுக்குச் சரியாக நாற்பத்து நான்கு. உடும்பு செய்யலாம் என்று நான்கு கால் வைத்தேன். காது வைத்ததும் நாய்போல ஆகிவிட்டது. கண்ணுக்குச் சட்டைப் பொத்தான், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எதிர்வீட்டு கோமளா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, புடலங்காய்க்குக் கால் மொளச்சிருக்குதுங்களா?" என்று கேட்டது.

நாச்சி சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அவள் சிரித்து! அதை எடுத்து மடியில் போட்டுத் தடவிக் கொடுத்தாள். பிறகு கதவடியில் நான் வைத்ததும் உற்றுப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்து, "மாப்பிள்ள படுத்திருக்கறாரு. எழுப்பாதீங்க" என்றாள். நம் வீட்டில் உன் வீட்டுக்காரரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதானே சொல்வோம், அந்தப் பழக்கமாக இருக்கும். அதிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

ஊளைச் சத்தம் நின்றுவிட்டது. நிழலும் தெரிவதில்லை. நான்கு நாட்களாக அவள் கதவுப் பக்கம் போகவே இல்லை. ஏதாவது எடுக்கப் போனால்கூடக் கால் நுனியில் நடக்கிறாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது! கொஞ்சம் காற்று குறைந்ததும் இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போயேன். கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நஞ்சுண்டன்


மேட்டுப்பாளையம்
22.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நங்கையா சிரித்தார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பிராணி நன்றாக வந்ததில் சந்தோஷம்.

வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். முழங்கால் இப்போது படி ஏற விடுவதில்லை. லிஃப்ட் இருக்கிறது என்பீர்கள், பஸ்ஸில் ஏற வேண்டுமே. பிறகு பார்க்கலாம்.

சமையல் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லை.

இங்கே பாக்கு விலை, மழை, எல்லாம் வழக்கம்போலத்தான். வேறு எழுத ஒன்றுமில்லை.

கருப்பாத்தாள்


சரவணம்பட்டி
12.08.2024

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் ரொம்பச் சுருக்கமாக இருந்தது. ஏதும் மனவருத்தமா? நான் தவறாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்.

சமையலுக்கு வந்த அம்மா சித்திரையிலேயே நின்றுவிட்டார். தன் தோட்டைத் திருடிவிட்டதாக நாச்சி சொல்லிவிட்டாள். தோடு அவள் காதிலேயேதான் இருந்தது. அதன் பிறகு யாரும் வரச் சம்மதிக்கவில்லை. நானே சமைக்கிறேன். அரிசிம்பருப்பு சோறு இப்போது உன்னைவிட நன்றாக வைப்பேன்.

ஆடிக் காற்று கதவைப் பெயர்த்துவிடும்போல் அடித்தது. மாப்பிள்ளை அசையவில்லை. போன வாரம் கொரியர்க்காரர் மணி அடித்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். நாச்சி உள்ளிருந்தே, "மாப்பிள்ள படுத்திருக்கறாருங்க, அப்பறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோபோலவும் இருந்தது.

இப்போது என்னால் கடைகண்ணிக்கு நிம்மதியாகப் போய் வர முடிகிறது. நேற்று டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பேப்பர் முழுவதும் படித்தேன். கடைசிப் பக்கத்துப் பம்பு செட் விளம்பரம் வரை.

நேரம் கிடைக்கும்போது எழுது.

நஞ்சுண்டன்


மேட்டுப்பாளையம்
20.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வருத்தம் ஒன்றும் இல்லை. நீங்கள் நன்றாக இருந்தால் போதும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் டீக்கடையில் பேப்பர் முழுவதும் படித்தபோது நங்கையாவுடன் யார் இருந்தது? கோமளாவா? கோமளா வேலைக்குப் போகிறவர் என்று ஒருமுறை சொன்ன நினைவு.

வாசலில் கிரில் கேட் இருக்கிறதல்லவா? அதை எப்படி வைத்துவிட்டுப் போகிறீர்கள்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கருப்பாத்தாள்


மேட்டுப்பாளையம்
23.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. போன் செய்தால் 'நல்லா இருக்கறோம்' என்று வைத்துவிடுகிறீர்கள். நேற்றுப் பேசியபோது குரல் சரியாக இல்லை.

இங்கே பக்கத்து வீட்டு கிருபாசங்கர் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். உங்களை என் வீட்டு விசேஷங்களில் பார்த்திருக்கிறார். "போன வியாழக்கெழம மத்தியானம் உங்கண்ணனைப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேனுங்க்கா. கோத்தகிரி பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்திருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பலீங்க" என்றார். கையில் பை எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீடு நடந்து பத்து நிமிடம். இவ்வளவு தூரம் வந்தவர் ஏன் வரவில்லை? கோத்தகிரியில் நமக்கு யார் இருக்கிறார்கள்? நங்கையா எங்கே இருந்தார்?

கருப்பாத்தாள்


சரவணம்பட்டி
30.09.2024

அன்புள்ள அம்மணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாச்சி உயிரோடு இருக்கிறாள், நலமாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவேன். ஜூலையிலிருந்து. முதலில் பால் வாங்க ஐந்து நிமிடம். திரும்பி வந்தால் அவள் நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு காய்கறி வாங்க அரை மணி. பிறகு ஒரு மணி நேரம். கதவைத் திறக்க மாட்டாள், மாப்பிள்ளை படுத்திருக்கிறாரே. பூட்டு தேவையே இல்லை என்றுகூட நினைத்தேன். ஆனாலும் பூட்டினேன்.

அன்று வியாழக்கிழமை காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊட்டுக்குப் போலாமுங்களா?" இதுதான் வீடு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஊட்டுக்குப் போலாமுங்களா?" ஐம்பது தடவை இருக்கும். நான் சோற்றுத் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவள் சத்தம் போடாமல் சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பூட்டிவிட்டு, கிளம்பிவிட்டேன். காந்திபுரம் போனேன். முதலில் நின்ற பஸ் மேட்டுப்பாளையம் பஸ். அங்கே இறங்கி உன் வீட்டுக்கு வரத்தான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. கோத்தகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்து, "எங்கீங்க போகோணும்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கடைசி ஸ்டாப்புங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். திரும்பி வருவதாக நான் நினைக்கவில்லை, அம்மணி. உனக்கு மட்டும் எழுதுகிறேன். நினைக்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. கோமளா.

வெளியே போகும்போது கேஸ் சிலிண்டரை எப்போதும் அடைத்துவிடுவேன். அன்று அடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வராமல் இருக்கக் கிளம்பியவனுக்குச் சிலிண்டர் எங்கே நினைவிருக்கும்? நாச்சி பால் வைத்திருக்கிறாள். பக்கத்தில் பிளாஸ்டிக் கூடையையும் கைத்துணியையும் வைத்திருக்கிறாள். பற்றிக்கொண்டது. வீடு முழுக்கப் புகை. அவளுக்கு ஜன்னலைத் திறக்கத் தெரியவில்லை.

கோமளா அன்று காய்ச்சலாக லீவில் இருந்தது நாங்கள் செய்த புண்ணியம். எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு தடவை போயிருக்கிறது. ஒரு வாடையும் இல்லை. மூன்றாவது தடவை துணி காயப்போடப் பின்பக்கம் போனபோதுதான் எங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் வழியாகக் கரும்புகை வருவதைப் பார்த்தது. ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து இருமிக்கொண்டே நாச்சி சொன்னாளாம், "மாப்பிள்ள படுத்திருக்கறாருங்க, அப்பறம் வாங்க."

வாட்ச்மேன் கடப்பாரையால் பூட்டை உடைத்த பிறகுதான் உள்ளே போனார்கள். அவள் கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். வலது முன்கையில் தீக்காயம். இப்போது ஆறி வருகிறது.

கோமளா என்னைத் திட்டவில்லை. "மொத ரெண்டு தடவ போனப்பவே தெரிஞ்சிருக்கோணுமுங்கண்ணா. கதவுச் சந்துல ஒரு நூலு பொக கூட வெளிய வரலீங்க. அத்தனை நல்லா அடைச்சு வெச்சிருக்கறீங்க" என்று மட்டும் சொன்னது. நன்றாகத்தான் அடைத்திருக்கிறேன். நாற்பத்து நான்கு அங்குலம், ஒரு சந்து விடாமல் அளந்து அளந்து பின்னினேன்.

சுரேந்தரிடம் பால் தீய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். போலீஸ், பேப்பர் என்று எதுவும் இல்லை. எல்லோரும் என்னைப் பாவம் என்கிறார்கள்.

நாச்சிக்கு எதுவும் நினைவில்லை. கைக்கட்டைப் பார்த்து, "இது எப்படி ஆச்சுங்க?" என்று தினமும் கேட்கிறாள். தினமும் ஒரு பொய் சொல்கிறேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

நஞ்சுண்டன்


மேட்டுப்பாளையம்
03.10.2024

அண்ணா,

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. நலம் விசாரிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. நீங்கள் செய்தது தப்பு. பெரிய தப்பு. அதை இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

என் பங்கையும் கேளுங்கள். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. தினமும் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை பக்கவாதத்தில் ஏழு வருடம் படுத்துக் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். யார் வந்து கதவைத் தட்டினாலும் நான் சொல்வது அதுதான். 'மாப்பிள்ள படுத்திருக்கறாரு, எழுப்பாதீங்க.' பிறந்த வீட்டுச் சனம் வந்தால் அப்படித்தான் சொல்வேன். நங்கையா எல்லாவற்றையும் மறந்துவிட்டார், அதை மட்டும் மறக்கவில்லை. ஜூலையில் உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் மடித்து அரிசி டின்னுக்குள் போட்டேன். வரச் சொல்லியிருந்தீர்கள். மறுபடி ஒரு நோயாளி வீட்டில், மறுபடி அந்த வாடையில், என்னால் முடியாது என்று தோன்றியது. கால் வலி என்று எழுதிவிட்டேன். நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்று ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். பதில் வராததைச் சாக்காக வைத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஏழு வருடமும் நங்கையா மாதத்துக்கு ஒருமுறை, அப்போது நீங்கள் குடியிருந்த பல்லடத்திலிருந்து பஸ் மாறி வருவார். "நீ போயி நாலு எடம் பாத்துப்போட்டு வா அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார். நான் எங்கேயும் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தக் கோத்தகிரி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். கிளம்பும்போது இறங்கிவிடுவேன். அவர் மாதா மாதம் வந்து அந்த இரண்டு மணி நேரம் தருவார் என்கிற தைரியத்தில்தான் நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. நானாவது இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். பெட்டி கொஞ்சம் பெரியது. சுரேந்தருக்கு நான் வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கோமளாவிடம் ஒரு சாவி இருக்கட்டும். அந்தப் பிராணியைக் கதவடியிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்று வந்தால் வரட்டும்.

கருப்பாத்தாள்


வால்பாறை
05.12.2024

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகமாக வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. அப்துல் வஹீது வீட்டில் என்னை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. திருப்பூரில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தபோது எவ்வளவு கடுசாக, முரட்டுத்தனமாக இருந்தவன், இப்போது காலையில் டீயோடு வந்து எழுப்புகிறான். முதல் நாள் பதினான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் நாச்சி எங்கே என்று கட்டிலுக்கு அடியில் தேடினேன். வஹீது பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போல் போய்விட்டான்.

நீ வந்து இரண்டு மாதம் ஆகிறது. என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பஸ் ஏற்றிவிட்டாய். பன்னிரண்டு நாள் என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு மூன்று நாளே போதும்போல் இருக்கிறது. சுரேந்தர் ஏற்பாடு செய்த பகல் நேர நர்ஸ் ஒழுங்காக வருகிறாரா? சாயங்காலம் கோமளா வீட்டுக்குக் கூட்டிப்போகிறாயா? கையில் தழும்பு அரிக்கிறது என்று சொறிந்துகொள்வாள், தேங்காய் எண்ணெய் தடவு.

போன் செய்தால் நீ எல்லாம் நல்லபடி என்றுதான் சொல்வாய். நமக்கு அது பரம்பரை வியாதி. அதனால் எழுதிக் கேட்கிறேன். அவள் என்னைக் கேட்டாளா? உள்ளதை உள்ளபடி எழுது. கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்,
நஞ்சுண்டன்


சரவணம்பட்டி
09.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வஹீது அண்ணனுக்கும் அவர் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம் சொல்லுங்கள்.

நர்ஸ் வருகிறார். பகலெல்லாம் கதவு திறந்தேதான் இருக்கிறது. நங்கையா நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். நேற்றுக் காலை எட்டாவது மாடி வரை இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன். அங்கே ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார். போலாமுங்க என்றேன். ஏறி வந்துவிட்டோம். தழும்புக்கு எண்ணெய் தடவுகிறேன். என்னை நேற்றுத் திருடி என்று சொன்னார். இன்று அம்மணி என்றார். முதல் வாரத்தில் எனக்கு மூச்சு முட்டியது உண்மை. இப்போது முட்டும்போது கோமளாவிடம் விட்டுவிட்டுக் கீழே போய் நாலு சுற்று நடக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். முதல் ஐந்து நாள் உங்களைக் கேட்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். யாரோ எவரோபோல் கேட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்து, "அவரு எப்பங்க வருவாரு?" என்றார்.

"யாருங்க?"

"அதானுங்க, பூட்டத் தொறந்துட்டு உள்ள வருவாரில்லீங்க? காய் வாங்கிட்டு வருவாரே. அவரு."

வருவார் என்றேன். "வந்தா சாப்பிட்டாரான்னு கேளுங்க. கேட்டாத்தான் சாப்பிடுவாரு" என்றார்.

இதைப் படித்துவிட்டு முதல் பஸ் பிடித்து வந்துவிடாதீர்கள். பன்னிரண்டு நாள் என்றால் பன்னிரண்டு நாள்தான். சனிக்கிழமைக்கு முன்னால் வந்து நின்றால் நான் உள்ளே விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
கருப்பாத்தாள்